மின்கம்பியை அறுத்துவிடலாமா? வீட்டுச் சோலாரும் பேட்டரியும், ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 5 கிலோவாட் அளவுக்குச் சோலார் பேனல்களும், மாடிப்படிக்குக் கீழே சோலார், பேட்டரி, தெரு மின்சாரம் மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஒரு ஹைபிரிட் இன்வெர்ட்டரும், அதை ஒட்டி இரண்டு லித்தியம் பேட்டரித் தொகுதிகளும் வந்து சேர்ந்தன. பொருத்திக் கொடுக்க வந்தவர் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, “இனிமேல் கம்பியையே அறுத்துவிடலாம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். கடந்த ஓராண்டாக அந்தப் பேச்சைத்தான் சோதித்துப் பார்த்து வருகிறேன். வீட்டுக்கு வீடு பேட்டரி வைத்துவிட்டால் தேசிய மின்கட்டமைப்பை விரிவாக்கும் பெருஞ்செலவே தேவைப்படாது என்று படித்தவர்களும் வாதிடத் தொடங்கியிருப்பதால், அந்தச் சோதனை என் வீட்டோடு நிற்கவில்லை. நாள்தோறும் மாலையில் இன்வெர்ட்டர் திரையில் தெரியும் எண்களை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். இங்கே வரும் வீட்டுக் கணக்குகள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

பேனல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1954-இல் பெல் ஆய்வகத்தில் காட்டப்பட்ட முதல் நடைமுறைச் சிலிக்கான் மின்கலம் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, அசையும் உறுப்பு ஏதும் இல்லாததால் பராமரிப்பு என்பது தூசி துடைப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அட்டையில் அச்சிட்ட 5 கிலோவாட்டை நான் ஒருநாளும் திரையில் கண்டதில்லை. அந்த எண், கலத்தின் வெப்பநிலை 25 டிகிரியாகவும் ஒளி சதுர மீட்டருக்கு 1,000 வாட்டாகவும் உள்ள ஆய்வுக்கூட நிலைக்குரியது. உச்சிவெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தொடும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும் என்பதால், எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும் என்று நினைப்பவர்கள், இதமான காற்று வீசும் தெளிந்த நாளில்தான் திரையில் மிகப் பெரிய எண் வரும் என்பதைக் கண்டு வியப்படைவார்கள்.

முதல் ஏமாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. பொருத்திக் கொடுத்த நிறுவனம் பேனல்களை முதலில் மாட்டிவிட்டுப் பேட்டரிகளை இரண்டு மாதம் கழித்துத்தான் கொண்டுவந்தது. அந்த இடைவெளியில் ஒருநாள் நண்பகலில் தெருவில் மின்தடை ஏற்பட்டது. தலைக்கு மேலே சூரியன் கொளுத்திக்கொண்டிருக்க, மாடி முழுவதும் பேனல்கள் விரிந்திருக்க, வீட்டுக்குள் மின்விசிறி நின்றுபோனது. இது பழுதில்லை, விதியே அப்படித்தான். வெளியே கம்பியில் மின்சாரம் இல்லாதபோது வீட்டிலிருந்து மின்சாரம் வெளியேறினால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் பணியாளரின் உயிருக்கே ஆபத்து. அதனால் கட்டமைப்பு செத்ததும் இன்வெர்ட்டர் தானாக விலகிவிட வேண்டும். மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. 2003-இல் வெளியிட்ட 1547 தரநிலை அதற்கு இரண்டு நொடிதான் அவகாசம் தருகிறது. வீட்டைத் தெருவிலிருந்து பிரித்து, உள்ளே மட்டும் தனித்து இயங்க வைக்கும் மாற்றுச்சுவிட்சும், வேறு துணையின்றித் தானே மின்னழுத்தத்தை உருவாக்கக்கூடிய இன்வெர்ட்டரும், அதற்கு ஈடுகொடுக்கும் பேட்டரியும் இருந்தால் மட்டுமே மின்தடையின்போது சோலார் உதவும். பேனல் மட்டும் வாங்குபவர்களிடம் இதை விற்பனையாளர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், எங்களிடம் சொல்லவில்லை.

பேட்டரி வந்த பிறகு நிலைமை முழுவதும் மாறியது. ஒரு தொகுதிக்குள் 3.2 வோல்ட் கலங்கள் பதினாறு வரிசையாக இணைந்திருக்கின்றன, 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்றால் 5.12 யூனிட். இரண்டும் சேர்ந்து 10.24 யூனிட், அதில் பத்து சதவீதத்தை அடியில் விட்டுவைத்தால் கைக்கு வருவது ஒன்பதுக்குச் சற்று மேல். உள்ளே இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். கைப்பேசி பேட்டரிகளில் உள்ள கோபால்ட் கலவையைவிட இது கனமானது, இடத்தையும் கூடுதலாக அடைத்துக்கொள்ளும். ஆனால் சூட்டை நன்கு தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. வீட்டுப் பேட்டரி எங்கும் நகரப்போவதில்லை என்பதால் கனம் ஒரு குறையே இல்லை. 2019-இல் லித்தியம் பேட்டரிக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழுவே 1990-களில் இந்தக் கலவையையும் முன்வைத்தது என்பது, மாடிப்படியின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெட்டியைச் சற்று மரியாதையோடு பார்க்கவைக்கிறது.

மின்தடை வரும் கணத்தில் இதன் அருமை புரியும். இன்வெர்ட்டருக்குள் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் மாறும் ‘டக்’ என்ற ஓசை கேட்கும், விளக்கு ஒருமுறை இமைக்கும், அவ்வளவுதான். மாற்றத்திற்குப் பத்து இருபது மில்லிநொடி ஆகிறது, கணினி அணைவதில்லை. பல நேரங்களில் எதிர்வீடு இருண்டிருப்பதைப் பார்த்துத்தான் மின்சாரம் போனதே எங்களுக்குத் தெரியும். இந்த ஒரு வேலைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

திரையில் காட்டும் இருப்புச் சதவீதத்திற்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுக்க முடியாது. ஒருநாள் இரவு 23 சதவீதம் என்று காட்டியதை நம்பிப் படுத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது 9 என்றது. பேட்டரி கெட்டுவிட்டதோ என்று பதறிப் பிறகு விசாரித்தபோதுதான் காரணம் விளங்கியது. இந்த வகைக் கலத்தின் மின்னழுத்தம், நிறைந்திருக்கும்போதும் பாதிக்கும் கீழே இறங்கியபோதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அதை வைத்து உள்ளிருப்பைக் கணிக்க முடியாததால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே சதவீதத்தைச் சொல்கிறது பேட்டரியின் கட்டுப்பாட்டுக் கருவி. முழுமையாக நிறையாமல் பல நாட்கள் ஓடினால் சிறுசிறு பிழைகள் சேர்ந்து, கடைசியில் ஒரே தாவலாகத் திருத்திக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது 100 வரை நிறையவிட்டு, அந்த நிலையிலேயே சற்று நேரம் வைத்திருந்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 12 யூனிட் வேண்டும். அதில் பகலில் நான்கரை, மாலை முதல் மறுநாள் காலை வரை ஏழரை. தெளிந்த நாளில் பேனல்கள் 20 யூனிட் தருகின்றன. நான்கரை நேரடியாகச் செலவாகிறது. இரவின் ஏழரைக்காகப் பேட்டரிக்குள் எட்டரை போக வேண்டியிருக்கிறது, ஏனெனில் உள்ளே போவதில் எட்டில் ஒரு பங்கு வெப்பமாகக் கரைந்துவிடும். மீதி 7 யூனிட் கம்பி வழியாக வெளியே போகிறது. இப்படிப்பட்ட நாட்களில் அந்த மனிதர் சொன்னது அப்படியே உண்மை. பல வாரங்கள் மீட்டர் வெளியிலிருந்து ஒரு யூனிட்கூட எடுக்கவில்லை என்பதை நோட்டில் பார்க்கும்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பிறகு நான்கு நாட்கள் தொடர்ந்து வானம் மூடியது. அடர்ந்த மேகத்தின் கீழ் பேனல்கள் நாளுக்கு 4 யூனிட்தான் தந்தன. முதல் நாளையாவது பேட்டரி தாங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன், தாங்கவில்லை. பேட்டரி நிறைந்திருந்தது முந்தைய நாள் மாலையில். மேகம் கவிந்தது காலையில். இடையில் ஓர் இரவு கழிந்து ஒன்றரை யூனிட்தான் மிச்சமிருந்தது. வந்த நான்கும் பகலிலேயே தீர்ந்துவிட, இருட்டத் தொடங்கியபோது கையில் இருந்தது ஒரே ஒரு யூனிட். வீட்டுப் பேட்டரி வாங்கும் பலர் அதன் கொள்ளளவை ‘ஒரு நாள் இருப்பு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஓர் இரவுக்கான இருப்பு மட்டுமே. அந்த இரவும் ஏற்கெனவே செலவழிக்கப்பட்ட பிறகே மேகமூட்டம் தொடங்குகிறது. அந்த நான்கு இரவுகளிலும் எங்களைக் காப்பாற்றியது அறுத்துவிடலாம் என்று சொல்லப்பட்ட அதே கம்பிதான்.

கம்பி இல்லாமல் அந்த நான்கு நாட்களையும் கடக்க என்ன வேண்டியிருக்கும்? நாளுக்கு 8 யூனிட் பற்றாக்குறை, நான்கு நாளுக்கு 32. மிச்சமிருந்த ஒன்றரையைக் கழித்தால் முப்பதரை. தொகுதிக்கு 4.6 யூனிட் கைக்கு வரும் என்றால், இருக்கும் இரண்டு தொகுதிகளுக்கு மேல் இன்னும் ஏழு தொகுதிகள். அவை காலியான பின் மீண்டும் நிறைய, தினமும் மிஞ்சும் 7 யூனிட்டைக் கொண்டு ஐந்து வெயில் நாட்கள் பிடிக்கும். அதற்குள் மறுபடி மேகம் வராதிருக்க வேண்டும். இதற்குப் பதிலாகப் பேனல்களை இரட்டிப்பாக்கினால் இருண்ட நாளிலும் 8 யூனிட் கிடைக்கும், கூடுதல் தொகுதிகள் நான்கு போதும். தனித்து வாழ்வதென்றால் பேட்டரியைவிடப் பேனலில் தாராளம் காட்டுவதே அறிவு. ஆனால் அப்போது தெளிந்த நாளில் 40 யூனிட் உற்பத்தியாகும், அதில் பாதிக்கு மேல் யாருக்கும் பயனின்றிப் பேனலிலேயே நின்றுவிடும்.

முதலிரண்டு தொகுதிகளும் ஒவ்வோர் இரவும் வேலை செய்கின்றன. பத்தாண்டு உத்தரவாதக் காலத்தில் ஒவ்வொன்றும் 13,000 யூனிட்டுக்கு மேல் கொடுத்துவிடும். ஒன்பதாவது தொகுதியோ, இத்தகைய நீண்ட மேகமூட்டத்தின் கடைசி நாளில் மட்டும் தொடப்படும். ஆண்டுக்கு ஐந்து முறை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அது பத்தாண்டில் தரப்போவது 230 யூனிட். இரண்டுக்கும் விலை ஒன்றே. அப்படியென்றால் ஒன்பதாவது தொகுதி தரும் ஒரு யூனிட், முதல் தொகுதி தரும் யூனிட்டைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் அடக்கவிலை கொண்டது. கலங்களின் விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் இந்த விகிதம் மாறாது. “பேட்டரி மலிவாகிவிட்டது, இனி கட்டமைப்பு எதற்கு?” என்று கேட்பவர்கள் முதல் தொகுதியின் கணக்கை ஒன்பதாவது தொகுதிக்கும் போட்டுவிடுகிறார்கள்.

அதே கண்ணால் கம்பியையும் ஒரு பொருளாக வைத்து மதிப்பிட்டால், அது விற்பது யூனிட் மட்டுமில்லை என்று தெரிகிறது. எங்கள் வீட்டில் மோட்டாரும் துணி துவைக்கும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடும் பத்து நிமிடத்திற்கு 5 கிலோவாட் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்திற்காகவே அவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வாங்கினோம். நூறு வீடுகள் ஒரே மின்மாற்றியில் தொங்கும்போது எல்லோரும் ஒரே நொடியில் இஸ்திரி போடுவதில்லை என்பதால், வீட்டுக்குச் சராசரியாக அதில் பாதிக்கும் குறைவான திறனே போதுமாகிவிடுகிறது. மேகமும் அப்படித்தான். எங்கள் கூரையை மூடிய மேகம் சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்காது. அல்லது அங்கே காற்றாலை ஓடிக்கொண்டிருக்கும். சீனாவில் 2019-இல் இயங்கத் தொடங்கிய சாங்ஜி-குச்சுவான் பாதை, 1,100 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் தொலைவுக்கு 12 ஜிகாவாட் வரை கடத்தும் திறன் கொண்டது. இத்தகைய பாதைகளில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் இழப்பாகிறது. மதியத்திலிருந்து இரவுக்கு மின்சாரத்தை நகர்த்த என் மாடிப்படிக்குக் கீழே நான் இழப்பது 12 சதவீதம். நீண்ட கம்பி என்றாலே வீண் என்றிருந்த என் எண்ணத்தை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து கலைத்தன.

இதைச் சொல்லிவிட்டுக் கம்பியின் குறைகளை மறைக்கக் கூடாது. அதன் முதல் குறை தாமதம். எங்கள் பேனல்களை மாட்ட இரண்டு நாள் ஆனது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் காற்றாலை மின்சாரத்தை மேற்கே கொண்டுசெல்ல 2006-இல் முன்வைக்கப்பட்ட சன்சியா பாதையின் கட்டுமானம் 2023-இல்தான் தொடங்கியது. பதினேழு ஆண்டுகள் நில அனுமதியிலும் ஆட்சேபங்களிலும் கழிந்தன. உலக நாடுகள் தங்கள் மின்சார இலக்குகளை எட்ட 2040-க்குள் 8 கோடி கிலோமீட்டர் மின்பாதையைப் புதிதாக அமைக்கவோ புதுப்பிக்கவோ வேண்டும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2023-இல் கணக்கிட்டது. அந்த வேகத்தில் அவ்வளவு கம்பி எப்போது முடியும் என்று யாரும் பெருமூச்சு விடலாம். இரண்டாவது குறை, விழும்போது ஒட்டுமொத்தமாக விழுவது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ பதினொரு மாதம் ஆனது. அதன் பின் அங்கே கூரைச் சோலாரும் பேட்டரியும் பெருகியதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே இருந்திருந்தால் நானும் ஒன்பதாவது தொகுதியை வாங்கியிருப்பேன், ஐம்பது மடங்கு கணக்கைப் பாராமலே.

வங்கதேசத்தின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2003-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அங்கே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட கிராம வீடுகளில் சிறு பேனலும் ஈய-அமில பேட்டரியும் வைக்கப்பட்டன. கம்பி எட்டாத இடங்களில் விளக்கும் கைப்பேசியும் இயங்கின. பின்னர் கட்டமைப்பு அந்த ஊர்களுக்கும் விரிந்தபோது பெரும்பாலானோர் அதற்கு மாறிக்கொண்டார்கள். ஐம்பது வாட் பேனல் விளக்கெரிக்கும், குளிர்சாதனப் பெட்டியை ஓட்டாது. அந்தச் சிறு கருவி பத்தாண்டு இருட்டைக் குறைத்தது. அதனால் கம்பிக்கான ஆசை குறைந்துவிடவில்லை.

தனி ஒரு வீட்டின் மதிப்புரையில் தெரியாத ஒரு சிக்கல், வீடுகள் பெருகும்போது வெளிப்படுகிறது. ஜெர்மனியில் பல ஆண்டுகளாகப் பொருத்தப்பட்ட இன்வெர்ட்டர்கள், கட்டமைப்பின் அதிர்வெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸைத் தாண்டி 50.2-ஐத் தொட்டதும் உடனே விலகும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டுக்கு அது பாதுகாப்பு. பல ஜிகாவாட் ஒரே கணத்தில் விலகினால் நாடே இருளக்கூடும். அதனால் 2012-இல் விதி கொண்டுவந்து லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்களைத் திருத்த நேர்ந்தது. பாகிஸ்தானில் நேர்ந்தது பணம் சார்ந்தது. 2024-இல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் பேனல்களை அந்நாடு இறக்குமதி செய்தது. வசதியுள்ளவர்கள் கூரைக்கு மாற மாற, மின்நிலையங்களுக்குக் கட்டியே ஆக வேண்டிய நிலையான தொகை மிச்சமிருக்கும் குறைவான யூனிட்டுகளின் மேல் ஏறுகிறது, கூரை இல்லாத வாடகைக் குடியினரின் கட்டணம் உயர்கிறது. கம்பிக்கான செலவில் பெரும்பகுதி, நாம் எத்தனை யூனிட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாறாதது. ஓராண்டில் பெரும்பாலான நாட்கள் ஒன்றும் எடுக்காமல், நான்கு இருண்ட நாட்களில் மட்டும் எல்லோரையும் போல் எடுக்கும் எங்கள் வீடு அந்தச் செலவில் தன் பங்கைச் சரியாகக் கொடுக்கிறதா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். நிலையான இணைப்புக் கட்டணத்தைக் கூட்டுவது சோலார் வைத்தவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது, ஆனால் அது நியாயம்.

சில நடைமுறைக் குறைகளையும் பதிவு செய்துவிடுகிறேன். மின்தடையின்போது பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கையில் நீரேற்று மோட்டாரைப் போட்டதும் இன்வெர்ட்டர் அலறி வீடு முழுவதும் அணைந்தது. மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதைப் பொருத்தியவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. மெதுவாகத் தொடங்க வைக்கும் கருவி ஒன்றை இணைத்து, மோட்டாரை நண்பகலுக்கு மாற்றிய பின் தொல்லை நின்றது. இன்வெர்ட்டரைப் படுக்கையறைக்கு அருகே வைக்க நினைப்பவர்கள், அதன் விசிறி மதியத்தில் போடும் இரைச்சலை முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலி எங்கோ இருக்கும் சர்வர் வழியாகத்தான் பேசுகிறது. இணையம் போனால் அடுத்த அறையில் இருக்கும் பேட்டரியின் நிலைகூடக் கைப்பேசியில் தெரிவதில்லை. உத்தரவாதத் தாளில் ‘10 ஆண்டு’ என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, முடிவில் மிஞ்ச வேண்டிய கொள்ளளவு 60 சதவீதமா 70 சதவீதமா என்று பொடியெழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடிக்கடி மின்தடை உள்ள இடத்திலும், மாலை நேரக் கட்டணம் பகலைவிடக் கூடுதலாக உள்ள இடத்திலும், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு மின் நிறுவனம் குறைவாகவே தரும் இடத்திலும் இதை வாங்கத் தயங்க வேண்டாம். உங்கள் இரவுச் செலவை ஒரு மாதம் குறித்துப் பார்த்து, அந்த ஓர் இரவுக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்தடை அரிது, அனுப்பும் யூனிட்டுக்கு யூனிட்டே திரும்பக் கிடைக்கிறது என்றால், பேனல் மட்டும் போதும். பேட்டரியின் வேலையைக் கம்பி கூடுதல் செலவின்றிச் செய்துகொடுக்கும்.

சென்ற மாதம் ஆண்டுப் பரிசோதனைக்கு அதே மனிதர் வந்திருந்தார். பேட்டரி அடுக்கில் இன்னும் இரண்டு தொகுதிக்கு இடம் காலியாக இருப்பதைக் காட்டி, “சேர்த்துவிடலாமா சார்?” என்று கேட்டார். நோட்டை எடுத்து அந்த நான்கு நாள் பக்கத்தைக் காட்டினேன். சற்று நேரம் கூட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் பேனலைத் துடைத்துவிட்டுப் போகிறேன்” என்று மாடிக்கு ஏறினார்.